வாழ்க்கைப்பட்ட நாடு

நம் ஊர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால், "அவ தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிட்டா" என்பார்கள். கல்யாணம் ஆயிற்று, ஊர் மாறியது, இனி அவள் வீடு அங்கேதான் என்ற மூன்று சேதியும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும். திருச்சிக்காரி தஞ்சாவூருக்குப் போக எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கைப்படுகிற இடம் வேறொரு நாடாக இருந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. தாலி கட்டினால் மட்டும் போதாது, விசா வேண்டும். விசா மட்டும் போதாது, குடியிருப்பு அட்டை வேண்டும். அந்த அட்டை யாருடைய தயவில் நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கத்தின் முகவரிப் பட்டியலைப் புரட்டிய யாருக்கும் இந்த விஷயம் புதிதாக இருக்காது. நம்மோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பாரிஸில் இருக்கிறார்கள், ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கிறார்கள், டப்ளினில் இருக்கிறார்கள். வேலை கிடைத்துப் போனவர்கள் பாதி, கல்யாணம் ஆகிப் போனவர்கள் பாதி. முதல் வகையினர் எப்படிப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வகையினரின் பயணத்துக்குப் பின்னால் இருநூறு வருஷ வரலாறு இருப்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து அங்கே குடியேறும் உரிமை எப்படி உண்டானது, யார் கேஸ் போட்டு வாங்கித் தந்தார்கள், அதில் இன்னும் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை வரலாற்றுத் துறையில் படித்தவன் என்ற உரிமையில் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

புருஷன் கொடி எதுவோ...

1804-ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் இதை ரொம்பச் சுலபமாக முடித்துவிட்டது. வெளிநாட்டுப் பெண் பிரெஞ்சுக்காரரை மணந்தால் அவள் பிரெஞ்சுக்காரி. பிரெஞ்சுப் பெண் வெளிநாட்டுக்காரரை மணந்தால் அவள் பிரெஞ்சுக்காரி அல்ல. புருஷன் கொடி எதுவோ அதுவே பெண்டாட்டி கொடி. பிரிட்டனும் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே கொள்கையை எழுதி வைத்தது. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணாக இருந்தாலும், வெளிநாட்டவருக்குக் கழுத்தை நீட்டிய மறுகணம் சொந்த மண்ணிலேயே அந்நியள் ஆகிவிடுவாள்.

இந்த அநியாயம் மெள்ளத்தான் விலகியது. பிரான்சில் 1927-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டவரை மணந்த பெண் தன் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி செய்தது. பிரிட்டனில் 1949 ஜனவரி 1-ஆம் தேதி முதல்தான் அந்த நிலை வந்தது. பிரெஞ்சுக்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தானாகவே பிரெஞ்சுக் குடியுரிமை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் 1973 வரை இருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் ஒரே விதியாக, விரும்பினால் விண்ணப்பித்துப் பெறலாம் என்று மாற்றியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சட்டங்களின் கண்ணில் மனைவி தனி ஆள் இல்லை, புருஷனின் பெட்டி படுக்கையோடு சேர்ந்த ஒரு உருப்படி. மனைவியைப் பின்தொடர்ந்து ஒரு புருஷன் வேறு நாட்டுக்குப் போவான் என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பிற்காலச் சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் வெடித்தன.

நிலக்கரியில் பிறந்த உரிமை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவில் ஒரு பக்கம் இடிந்த ஊர்களும் மூடிக் கிடந்த சுரங்கங்களும், இன்னொரு பக்கம், முக்கியமாகத் தெற்கு இத்தாலியில், வேலையில்லாத வாலிபர்களும் இருந்தார்கள். 1946-இல் பெல்ஜியமும் இத்தாலியும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இத்தாலி ஆட்களை அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி கொடுக்கும். ஆளுக்குக் கரி என்கிற பண்டமாற்று என்றே சொல்லலாம். 1956 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். வெளிநாட்டுத் தொழிலாளியின் உயிருக்கும் மானத்துக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1957 மார்ச் 25-ஆம் தேதி, ரோம் நகரில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர்கள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தடையின்றிப் போய் வேலை செய்யலாம் என்ற விதி இடம் பெற்றது. அதற்காகக் கடைசி வரை வாதாடிய நாடு இத்தாலி. காகிதத்தில் இருந்த இந்த விதிக்கு உயிர் கொடுத்தது 1968 அக்டோபர் 15-ஆம் தேதி வந்த 1612 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை. அதன் பத்தாவது பிரிவுதான் நம் கதையின் ஆணிவேர். வேறு உறுப்பு நாட்டில் வேலை செய்யும் தொழிலாளியின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அவரை நம்பி வாழும் பெற்றோர் ஆகியோர் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும் அவரோடு சேர்ந்து வாழலாம் என்றது அது. பதினொன்றாவது பிரிவு அந்தக் கணவன் அல்லது மனைவி வேலைக்கும் போகலாம் என்றது.

"எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும்" என்கிற அந்த வார்த்தைகளைத் தயவு செய்து அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். இந்தியரோ, செனெகல்காரரோ, பிலிப்பைன்ஸ்காரரோ, வித்தியாசமே இல்லை. இவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது? கருணையில் மட்டும் வந்ததல்ல. ஒரு இத்தாலியத் தச்சன் ஜெர்மனிக்குப் போக வேண்டுமென்றால் அவன் பெண்டாட்டி பிள்ளையும் கூடப் போக முடிய வேண்டும். பெண்டாட்டியை விட்டுவிட்டு வா என்றால் அவன் போகவே மாட்டான். அப்புறம் தடையற்ற நடமாட்டம் என்பது வெறும் பேச்சாகிவிடும். ஆக, இந்த உரிமை உண்மையில் தொழிலாளியின் உரிமை. அவர் துணைவருக்குக் கிடைப்பது அதன் நிழல். இந்த நிழல் விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

கதவுக்கு இந்தப் பக்கம்

ஐரோப்பியச் சட்டம் இப்படி இருக்க, ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு பிரிட்டனின் கதை ஒன்று போதும். 1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து ஒரு ஆசிரியை, வயது 35, தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணப்பதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். மணமாகாத நிச்சயப் பெண்ணுக்கு அப்போது முன்கூட்டியே விசா தேவையில்லை, மனைவிக்குத் தேவை. இவர் ஏற்கெனவே மணமானவரா என்று கண்டுபிடிக்க அதிகாரிகள் அவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி பத்திரிகையில் வந்து, நம் நாடாளுமன்றத்திலும் கொந்தளிப்பு ஏற்பட்ட பிறகே பிரிட்டிஷ் அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இத்தகைய சோதனைகள் நடந்ததைப் பின்னாளில் வெளிப்பட்ட அரசு ஆவணங்கள் காட்டின. படிக்கவே மனசு கூசுகிறது. ஆனால் வரலாறு என்றால் இதையும் சேர்த்துத்தான்.

அப்போதைய பிரிட்டிஷ் விதிகளில் இன்னொரு கோணலும் உண்டு. பிரிட்டனில் குடியேறிய ஆண் தன் மனைவியைச் சுலபமாக அழைத்துக்கொள்ளலாம். குடியேறிய பெண் தன் கணவனை அழைப்பதோ குதிரைக்கொம்பு. மூன்று பெண்கள் இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1985 மே 28-ஆம் தேதி, இது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் அரசு அதை எப்படி நிறைவேற்றியது தெரியுமா? கணவன்மாருக்குக் கதவைத் திறக்கவில்லை, மனைவிமாருக்கும் அதே கெடுபிடியைக் கொண்டுவந்து சமத்துவம் செய்துவிட்டது! குடியேறுவதுதான் இந்தக் கல்யாணத்தின் முதல் நோக்கமா, இல்லையா என்று கேட்டு, இல்லை என்பதை விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1997 வரை நீடித்தது. பெரியவர்கள் பார்த்து முடித்த நம்மூர்க் கல்யாணங்களில் இதை எப்படி நிரூபிப்பது? எத்தனையோ தம்பதிகள் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

சுரீந்தர் சிங் வழக்கு

இந்தக் கெடுபிடிக்கு நடுவேதான் ஒரு இந்தியரின் பெயர் ஐரோப்பியச் சட்டப் புத்தகங்களில் ஏறியது. சுரீந்தர் சிங் இந்தியக் குடிமகன். 1982-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள பெண்ணை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்தார்கள். 1985 கடைசியில் சொந்தமாகத் தொழில் தொடங்க பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். பிறகு மணவாழ்வில் விரிசல் கண்டது, விவாகரத்து நடவடிக்கை தொடங்கியது. அரசு அவரது தங்கும் அனுமதியைக் குறைத்து, நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது.

வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் போனது. பிரிட்டிஷ் அரசின் வாதம், அவள் எங்கள் குடிமகள், சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்கிறாள், எனவே எங்கள் சட்டம்தான் செல்லும் என்பது. 1992 ஜூலை 7-ஆம் தேதி வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஒருத்தி வேலைக்காக வேறு உறுப்பு நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். திரும்பும்போது தன் கணவனைக் கூட்டி வர முடியாது என்று தெரிந்தால் அவள் முதலில் போயிருக்கவே மாட்டாள். ஆகவே திரும்பி வரும்போதும், வேறு உறுப்பு நாட்டுக்குப் போனால் அவள் கணவனுக்கு என்ன உரிமை கிடைக்குமோ, குறைந்தது அதே உரிமை சொந்த நாட்டிலும் கிடைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 1968-இல் இத்தாலியத் தச்சனுக்குச் சொன்ன அதே தர்க்கந்தான்.

இந்த வழக்கு நம் ஆள் பெயராலேயே 'சுரீந்தர் சிங் வழி' என்று அழைக்கப்படலாயிற்று. 2012 ஜூலையில் பிரிட்டன், வெளிநாட்டு மனைவியை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்று விதித்தபோது, அவ்வளவு சம்பாத்தியம் இல்லாத பிரிட்டிஷ்காரர்கள் பலர் அயர்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் போய்ச் சில காலம் வேலை செய்து, இந்த வழியாகத் துணைவரோடு வீடு திரும்பினார்கள். டென்மார்க்கிலும் இதே கதை. 2002-இல் அந்த நாடு, கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிரம்பினால்தான் வெளிநாட்டுத் துணையை அழைக்கலாம் என்று சட்டம் போட்டது. 2000-இல் திறந்திருந்த ஓரெசுண்ட் பாலம் கைகொடுத்தது. டேனிஷ் இளைஞர்கள் பாலத்தைத் தாண்டி சுவீடனின் மால்மோ நகரில் மனைவியோடு குடித்தனம் வைத்து, தினம் கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போய் வந்தார்கள்.

இதற்கெல்லாம் மறுபக்கமும் உண்டு. சொந்த நாட்டை விட்டு நகராதவருக்கு ஐரோப்பியச் சட்டம் உதவாது. 1982-இல் மார்சன், ஜன்ஜன் என்ற சுரினாம் நாட்டுத் தாய்மார் இருவர் நெதர்லாந்தில் இருந்த தம் பிள்ளைகளோடு வாழ அனுமதி கேட்டார்கள். பிள்ளைகள் டச்சுக் குடிமக்கள்தான், ஆனால் வேறு உறுப்பு நாட்டில் வேலை செய்தவர்கள் அல்லர் என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இன்றும் இதே விசித்திரம் தொடர்கிறது. ஜெர்மனியில் வாழும் ஜெர்மன்காரரை மணந்த சென்னைப் பெண், 2007 முதல் பொதுவாக அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதி விட்டுத்தான் விசாவுக்கே போக முடியும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் கழுத்தில் புதுத் தாலியோடு பெண்கள் பாடம் படிப்பதற்கு அது ஒரு காரணம். அதே ஜெர்மனியில் வாழும் பிரெஞ்சுக்காரரை மணந்த பெண்ணுக்கு அந்தத் தேர்வு கிடையாது. சொந்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத சலுகை விருந்தாளிக்கு!

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்குப் பதில் புதுச்சேரியில் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் நான்கும் நடைமுறையில் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. 1956 மே 28-ஆம் தேதி ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. பிரெஞ்சு ராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்த பல தமிழ்க் குடும்பங்கள் அப்படி எழுதிக் கொடுத்தன. ஊரார் 'சொல்தா' என்று அழைக்கும் அந்த வீடுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரர்கள். 1993 நவம்பர் 1-ஆம் தேதி மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அவர்கள் எல்லோரும் கூடவே ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் ஆகிவிட்டார்கள். முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஐரோப்பியர் ஆனவர்கள் உலகத்தில் வேறெங்கும் அதிகம் இருக்க மாட்டார்கள்!

இதில் ஒரு நுணுக்கம். அந்த வீட்டுப் பிள்ளை விழுப்புரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனால் அது பிரெஞ்சு நாட்டுச் சட்டப்படி. ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போனால் ஐரோப்பியச் சட்டப்படி. இரண்டும் வெவ்வேறு பாரம், வெவ்வேறு விதி, வெவ்வேறு கால அளவு. எந்தச் சட்டத்தின் கீழ் போகிறோம் என்று தெரியாமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஈழத் தமிழர்களின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 1983-க்குப் பிறகு அகதிகளாக ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் என்று சிதறிப் போனவர்கள், அங்கே குடியுரிமை பெற்ற பிறகு, ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்த அவர்களது துணைவர்கள் பிரிட்டனில் கால் வைத்தது ஐரோப்பியக் குடிமக்களின் துணை என்ற உரிமையில்தான். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிரிட்டனில் அந்தக் கதவு மூடிக்கொண்டது. 2020 ஜனவரி 31-இல் ஒன்றியத்தை விட்டு விலகிய அந்த நாட்டில், அதற்கு முன் வந்து குடியிருந்தவர்கள் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்துத் தம் நிலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சுரீந்தர் சிங் பெயரால் உண்டான வழி, அவர் வழக்காடிய நாட்டிலேயே புதிதாக வருவோருக்கு இல்லாமல் போனது வரலாற்றின் வேடிக்கை. மற்ற நாடுகளில் அது இன்றும் செல்லும். 2014-இல் வந்த ஒரு தீர்ப்பு, வார இறுதிக்குப் போய் வருவது போதாது, மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகக் குடியிருந்திருக்க வேண்டும் என்று அதற்கு வரம்பு கட்டியது.

இன்றைய சட்டம்

சிதறிக் கிடந்த விதிகளையெல்லாம் திரட்டி 2004 ஏப்ரல் 29-ஆம் தேதி ஒரே சட்டமாக்கினார்கள். 38 என்ற எண்ணுள்ள அந்த வழிகாட்டுச் சட்டத்தை 2006 ஏப்ரல் 30-க்குள் எல்லா உறுப்பு நாடுகளும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றும் இதுதான் அடிப்படை. மாணவ நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்றியக் குடிமகன் தன் சொந்த நாடு அல்லாத வேறு உறுப்பு நாட்டில் வாழ்ந்தாலோ, அங்கே போவதாக இருந்தாலோ, அவரது மனைவிக்கு இந்தச் சட்டம் பொருந்தும். மனைவி ஒன்றியக் குடிமகளாக இருந்தால் கணவனுக்கும் அப்படியே. நுழைவு விசா தேவைப்பட்டால் அதைக் கட்டணமின்றி, விரைவாகக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் பெரிய நிபந்தனை எதுவும் இல்லை. அதற்கு மேல் தங்க, ஒன்றியக் குடிமகன் வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருக்க வேண்டும், அல்லது குடும்பத்துக்குப் போதிய பணமும் மருத்துவக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். துணைவர் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்ததும் கையோடு ஒரு சான்று தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அட்டை வர வேண்டும். பொதுவாக அதன் ஆயுள் ஐந்து வருஷம். வேலைக்குப் போகத் தனி பெர்மிட் கிடையாது.

அட்டை கைக்கு வராததாலேயே உரிமை இல்லை என்று ஆகிவிடாது. 1976-லேயே ரோயே என்பவரின் வழக்கில் நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உரிமை ஒப்பந்தத்திலிருந்து வருகிறது, அட்டை அதற்குச் சாட்சி மட்டுமே. பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வருவதற்கு முன்பும் கல்யாணம் கல்யாணந்தானே, அதுமாதிரி.

ஐந்து வருஷம் தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை வரும். வருஷத்துக்கு மொத்தம் ஆறு மாதம் வரை ஊருக்கு வந்து போனால் தொடர்ச்சி கெடாது. கர்ப்பம், பிரசவம், கடும் நோய் போன்ற காரணங்களுக்காக ஒரு முறை பன்னிரண்டு மாதம் வரை சேர்ந்தாற்போல் வெளியே இருக்கலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் நம் பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்தச் சட்டத்துக்கும் சோதனை வராமல் இல்லை. துணைவர் முன்பே வேறொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2003-இல் அக்ரிச் என்ற மொராக்கோக்காரரின் வழக்கில் நீதிமன்றமே சொல்லி வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அயர்லாந்து பல கணவன்மாரை வெளியேற்றப் பார்த்தது. கேமரூன் நாட்டைச் சேர்ந்த மெட்டாக்கும் மற்றவர்களும் போட்ட வழக்கில், 2008 ஜூலை 25-ஆம் தேதி நீதிமன்றம் தன் பழைய கருத்தைத் தானே மாற்றிக்கொண்டது. எங்கே, எப்போது கல்யாணம் நடந்தது, எப்படி நாட்டுக்குள் வந்தார் என்பதெல்லாம் தடையாகாது என்றது. 2018 ஜூன் 5-ஆம் தேதி ருமேனியாவைச் சேர்ந்த கோமன் வழக்கில், உறுப்பு நாடு ஒன்றில் சட்டப்படி மணந்துகொண்ட ஒரே பாலினத் துணைவருக்கும் குடியிருப்பு உரிமை உண்டு என்ற தீர்ப்பு வந்தது. ஆனால் அட்டைக்காகவே நடிக்கும் போலிக் கல்யாணத்துக்கு எந்தக் காலத்திலும் பாதுகாப்பு கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு இப்படி ஏற்பாடு செய்து தருகிறேன் என்று வருகிற புரோக்கர்களை வாசலோடு அனுப்பி விடுங்கள்.

நிழல் விலகினால்

முன்னே சொன்ன நிழல் விஷயத்துக்கு வருகிறேன். துணைவரின் உரிமை சொந்த உரிமை அல்ல, இன்னொருவரைச் சார்ந்த உரிமை. மரம் நகர்ந்தால் நிழலும் நகரும். நம் பெண்கள், இப்போது நம் பையன்களும், தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி இதுதான் என்று நினைக்கிறேன். "எங்கூட இல்லைன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன்" என்கிற மிரட்டல் எத்தனை வீடுகளில் சமையலறைச் சுவர்களுக்குள் ஒலித்திருக்கும்?

அந்த மிரட்டல் முழு உண்மை அல்ல. 1985 பிப்ரவரி 13-ஆம் தேதி, பெர்லினில் வாழ்ந்த செனெகல் பெண் தியாத்தாவின் வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அவர் பிரெஞ்சுக் கணவனைப் பிரிந்து தனி வீட்டில் இருந்தார். கணவன் மனைவி ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சட்டப்படி விவாகரத்து ஆகும் வரை கல்யாணம் கல்யாணந்தான் என்பது தீர்ப்பு. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. விவாகரத்து நடவடிக்கை தொடங்குவதற்கு முன் கல்யாணம் மூன்று வருஷமாவது நீடித்து, அதில் ஒரு வருஷமாவது அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால், விவாகரத்துக்குப் பிறகும் தங்கலாம். குழந்தை தன் பொறுப்பில் இருந்தாலோ, குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ அந்த மூன்று வருஷக் கணக்கு பார்க்க மாட்டார்கள். ஒன்றியக் குடிமகன் இறந்துபோனால், அதற்கு முன் ஒரு வருஷமாவது அங்கே வாழ்ந்திருந்த துணைவர் தங்கலாம். நிரந்தர உரிமை கிடைக்கும் வரை சொந்தக் காலில் நிற்க வருமானமும் காப்பீடும் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆனாலும் ஓட்டை இருந்தது. 2015 ஜூலை 16-ஆம் தேதி, அயர்லாந்தில் வாழ்ந்த குல்தீப் சிங் என்ற இந்தியர் உள்ளிட்டோரின் வழக்கில் அது வெளிச்சத்துக்கு வந்தது. மனைவி முதலில் நாட்டை விட்டுப் போய், அதன் பிறகு விவாகரத்து மனு தாக்கல் ஆனால், கணவனுக்கு அந்த உரிமை இல்லை என்றது நீதிமன்றம். அதாவது விமான டிக்கெட்டும் நீதிமன்ற மனுவும் எந்த வரிசையில் வந்தன என்பதில் ஒருவரின் வாழ்க்கை தொங்கியது! அடுத்த ஆண்டே, கணவனின் வன்முறைக்கு ஆளான ஒரு பாகிஸ்தானியப் பெண்ணின் வழக்கிலும் இதே தீர்ப்பு வந்தது. அடித்தவன் நாட்டை விட்டுப் போனதால் அடிபட்டவளுக்கு உரிமை போச்சு. 2021 செப்டம்பர் 2-ஆம் தேதி, பெல்ஜிய வழக்கு ஒன்றில் நீதிமன்றம் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. குடும்ப வன்முறை நடந்திருந்தால், மற்றவர் முன்பே போய்விட்டாலும், நியாயமான காலத்துக்குள் விவாகரத்து மனு போட்டால் உரிமை நிற்கும் என்றது. கவனியுங்கள், அந்த வழக்கில் அடிபட்டவர் ஒரு அல்ஜீரிய ஆண், அடித்தவர் பிரெஞ்சு மனைவி. ஒரு ஆண் போட்ட வழக்கால் பெண்களுக்கும் நியாயம் கிடைத்தது.

தம்பி தங்கைகளுக்கு

இந்த வரலாற்றில் சட்டம் செய்த மந்திரிகளைவிட, வழக்குப் போட்ட சாதாரண ஜனங்களே எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். தியாத்தாவோ சுரீந்தர் சிங்கோ தலைவர்கள் இல்லை. போக மாட்டேன், இங்கே எனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லி நின்றவர்கள், அவ்வளவுதான். அவர்கள் பட்ட பாட்டில் விளைந்ததை நாம் இன்று பாரம் நிரப்பி வாங்கிக்கொள்கிறோம்.

கல்யாணம் ஆகிக் கடல் தாண்டப் போகும் ஜூனியர்களுக்கு மூத்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். போவதற்கு முன் கல்யாணப் பதிவுச் சான்றிதழை வாங்கி, தேவையான முத்திரைகளும் மொழிபெயர்ப்பும் செய்து வையுங்கள். பாஸ்போர்ட், அட்டை, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்கள் கையிலும் அம்மா வீட்டிலும் ஒரு செட் இருக்கட்டும். குடியிருப்பு உரிமை வேறு, குடியுரிமை வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போகாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் போய்விடும். அந்த நாட்டு மொழியைச் சட்டம் கேட்காவிட்டாலும் படியுங்கள். சொந்தமாக ஒரு வேலை, சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு வெளியே இரண்டு சிநேகிதர்கள், இந்த மூன்றும் இருந்தால் எந்த நிழல் விலகினாலும் வெயில் சுடாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஐரோப்பாவில் உள்ள நம் சீனியர்கள் நாட்டுக்கு ஒருவராவது முன்வந்து, புதிதாக வாழ்க்கைப்பட்டு வரும் நம் கல்லூரிப் பிள்ளைகள் கூப்பிட்டால் எடுப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணைச் செயலாளரிடம் கொடுத்து வைக்க வேண்டும். வக்கீல் ஆக வேண்டாம், பணம் தர வேண்டாம். தெரியாத ஊரில் தமிழில் "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு குரல் இருந்தால் போதும்.